ஜப்பானின் நீகாதாவில் கோய் என்ற அலங்கார மீன் பண்ணைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு, கோத்தகிரியிலிருந்து

ஊர் திரும்பி இரண்டு வருடம் ஆகிறது. டானிங்டன் டீக்கடையில் உட்கார்ந்தால் போதும், யாராவது ஒரு தம்பி கைப்பேசியை நீட்டி, சிவப்பும் வெள்ளையுமாக ஒரு மீன் படத்தைக் காட்டி, "அண்ணா, இந்த வேலைக்கு நானும் போலாமா?" என்று கேட்டுவிடுகிறான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் படத்தை மறந்துவிடுங்கள். நான் இருந்த நாலு வருடத்தில் மீனைத் தொட்ட நேரத்தைவிட, வரப்பில் புல் வெட்டிய நேரமும் சேற்றில் நின்ற நேரமும் பனி தள்ளிய நேரமும்தான் அதிகம். மீன் வேலை என்று நினைத்துப் போனவன் மூன்று மாதத்தில் சோர்ந்துவிடுவான். சரிவில் செய்கிற சேற்று வேலை என்று தெரிந்து போனால் நம் மலைக்காரர்களுக்கு அது கைவந்த வேலை.

கோய் ஒன்றும் வானத்திலிருந்து குதித்த மீன் அல்ல, கெண்டைதான். 1939-இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து ஊட்டி ஏரியில் விட்டார்களே, அந்தச் சாதாக் கெண்டையின் உறவுக்காரன். நீகாதா மாகாணத்து மலைக்கிராமங்களில் குளிர்காலச் சாப்பாட்டுக்காக நெல்வயல் ஓரம் கறுப்புக் கெண்டை வளர்த்தார்கள். அதில் எப்போதோ நிறத்தோடு பிறந்த சில மீன்களைத் தனியே எடுத்து, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிப் பொறுக்கி உண்டாக்கியதுதான் இன்றைய நிஷிகிகோய். 1914-இல் தோக்கியோவில் நடந்த கண்காட்சிக்குக் கொண்டுபோன பிறகுதான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. ஓஜியா நகரமும், இப்போது நாகாவோகா நகரத்தோடு சேர்ந்துவிட்ட யமகோஷியும்தான் இதற்குத் தாய்வீடு. தோக்கியோவிலிருந்து நாகாவோகாவுக்கு ஷின்கான்சென் ரயிலில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம்.

படி 1: போகும் முன் உடம்பைச் சோதித்துப் பாருங்கள்

பணம் கட்டும் முன் ஒரு வாரம் யாருடைய தோட்டத்திலாவது கவாத்து மெஷின் பிடித்துப் பாருங்கள். முதுகில் இயந்திரம், காலடியில் சரிவு, காதில் இரைச்சல், காலில் அட்டை. ஆறு மணி நேரம் தாங்கினால் நீங்கள் தேறிவிட்டீர்கள். யமகோஷியில் குளங்கள் மலைச்சரிவில் படிப்படியாக இருக்கும், நம் ஊர் கேரட் பாத்திகளைப் போல. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அந்த வரப்புகளில் புல் இடுப்பளவு வளரும். வெட்டி முடித்துத் திரும்பினால் முதலில் வெட்டிய இடத்தில் மறுபடி வளர்ந்திருக்கும்.

அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. முடிந்தால் ஒருநாள் போய், ஓடும் தண்ணீரில் மீன் எப்படி நிற்கிறது, எப்போது மேலே வருகிறது என்று சும்மா பார்த்துக்கொண்டிருங்கள். அந்தச் சும்மா பார்க்கிற பழக்கம்தான் அங்கே உங்களைக் காப்பாற்றும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

படி 2: காகிதம்

இதில்தான் நம் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

சுற்றுலா விசாவில் போய் வேலை செய்யக்கூடாது. "மீனுக்குத் தீனி போடுவதெல்லாம் வேலையா?" என்று கேட்பார்கள். ஆம், வேலைதான். பிடித்தால் திருப்பி அனுப்புவார்கள். கோய் பண்ணைகளில் ஐரோப்பிய இளைஞர்கள் ஒரு வருடம் தங்கி வேலை செய்வதை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். அது ‘வொர்க்கிங் ஹாலிடே’ விசா. இந்தியாவுக்கு அந்த ஒப்பந்தம் இல்லை. அவர்கள் சொல்லும் வழி நமக்குப் பொருந்தாது.

நமக்குள்ள பெரிய வழி ‘குறிப்பிட்ட திறன்’ தகுதி, ஜப்பானியத்தில் தொகுதேய் கினோ. 2019-இல் வந்தது. இந்தியாவோடு 2021-இல் ஒப்பந்தம் ஆனது. முதல் நிலையில் மொத்தம் 5 வருடம் வரை இருக்கலாம், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. துறைக்கான திறன் தேர்வும் மொழித் தேர்வும் தேற வேண்டும். மீன்பிடிப்பும் மீன்வளர்ப்பும் அதில் ஒரு துறை. ஆனால் உங்களைக் கூப்பிடுவது அலங்கார மீன் பண்ணை. அதனால், எந்தத் தகுதியில் எடுக்கிறீர்கள் என்பதைக் குடிவரவு அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் தரும்படி பண்ணைக்காரரிடமே சொல்லுங்கள். நல்ல பண்ணைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார். மொழிப்பள்ளி மாணவராகப் போனால், அனுமதி வாங்கிய பிறகு வாரம் 28 மணி நேரம் மட்டும் வேலை செய்யலாம். அந்த வருமானத்தில் பள்ளிக் கட்டணமும் வாடகையும் கட்டி வீட்டுக்கும் அனுப்பலாம் என்று யாராவது சொன்னால் அவர் கணக்குப் படிக்கவில்லை.

எந்த வழியானாலும், ‘தகுதிச் சான்று’ என்ற காகிதம் ஜப்பானிலிருந்து முதலில் வரவேண்டும். அது கையில் வந்தபிறகுதான் விசா விண்ணப்பம். அது வருவதற்கு முன்னால் வேலையை விடாதீர்கள், தோட்டத்தைக் குத்தகைக்கு விடாதீர்கள்.

முகவர் மூலம் போனால், இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று நீங்களே பாருங்கள். சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும், அதற்கு மேல் வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. எனக்கு முதலில் வாய்த்தவர் மூன்று லட்சம் கேட்டார். அப்பா பச்சைத் தேயிலைக் காசில் சேர்த்ததில் 40,000 ரூபாயை முன்பணமாகக் கொடுத்துவிட்டோம். ரசீது கேட்டதும் அவருடைய போன் அணைந்தது. அந்த 40,000 இன்றுவரை வரவில்லை.

ஒப்பந்தத்தில் ஒரு விஷயம். ஜப்பானின் தொழிலாளர் சட்டத்தில் வேலை நேரம், இடைவேளை, விடுமுறை பற்றிய விதிகள் விவசாயத்துக்கும் மீன் வளர்ப்புக்கும் பொருந்தாது. இரவு வேலைக்கான கூடுதல் கூலி மட்டும் உண்டு. அதனால் ‘ஓவர்டைம் தானாக வரும்’ என்று நம்பாதீர்கள். மாதத்தில் எத்தனை நாள் விடுப்பு, அறுவடைக் காலத்தில் எத்தனை மணி நேரம், வீட்டு வாடகையாக எவ்வளவு பிடிப்பார்கள் என்று மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

படி 3: மொழி

ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வு சென்னையில் ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. அதன் ஐந்து நிலைகளில் கீழிருந்து இரண்டாவதான என்4 தேறினால் கதவு திறக்கும். தமிழ் தெரிந்தவனுக்கு ஜப்பானிய வாக்கியம் அவ்வளவு கஷ்டமில்லை. வினை கடைசியில் வரும், உருபு பெயருக்குப் பின்னால் வரும், பெரியவர்களுக்கு மரியாதை வினை உண்டு. எழுத்துதான் உயிரை வாங்கும்.

பண்ணைச் சொற்களை எந்தப் பள்ளியிலும் சொல்லித்தர மாட்டார்கள். ‘இகே’ குளம், ‘அமி’ வலை. மீனின் சிவப்பு ‘ஹி’, கறுப்பு ‘சுமி’. அந்த வருடத்துக் குஞ்சு ‘தோசாய்’, இரண்டு வயது ‘நிசாய்’, மூன்று வயது ‘சான்சாய்’. இன்று சுமாராக இருந்தாலும் நாளை பெரிதாக வரும் என்று விட்டுவைக்கிற மீன் ‘தாதேகோய்’. வெள்ளையில் சிவப்பு மட்டும் இருந்தால் கோஹாகு. வெள்ளை மேனியில் சிவப்போடு கறுப்பும் விழுந்தால் சான்கே. கறுப்பு மேனியில் சிவப்பும் வெள்ளையும் வந்தால் ஷோவா. சான்கேயையும் ஷோவாவையும் பிரித்தறிய எனக்கு ஒரு வருடம் ஆனது.

ஏப்ரலில் பனி கரைந்ததும் முதலாளியின் மனைவி, "இன்றைக்குச் சாயங்காலம் சான்சாய் தெம்புரா" என்றார். மூன்று வயது மீனைப் பொரிக்கப் போகிறார்கள் என்று எனக்கு வயிறு கலங்கிவிட்டது. சாயங்காலம் தட்டில் வந்தது சுருண்ட இளம் பெரணிக்கீரை. மலைக்கீரைக்கும் அங்கே சான்சாய் என்றுதான் பெயராம். நான் பயந்த கதையை அந்த அம்மா அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் பலர் என்னோடு பேசவே ஆரம்பித்தார்கள்.

படி 4: பெட்டியில் என்ன வைப்பது

மிளகாய்த்தூள், சாம்பார்ப்பொடி, புளி, பெருங்காயம், சின்ன குக்கர் போதும். பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம். தாவரச் சுகாதாரச் சான்று இல்லாத இலை, பழம், விதை எல்லாவற்றையும் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். இறைச்சி எதுவும் கூடாது. முதலாளி வீட்டுக்கு நம் ஊர்த் தேயிலை கொண்டுபோங்கள். வர்க்கியும் கொண்டுபோனேன். போய்ச் சேர்ந்தபோது தூளாகியிருந்தது. தூளையும் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டார்கள்.

ஊட்டி ஆர்டிஓவில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அங்கேயும் சாலையின் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். பண்ணையின் குட்டி லாரிகள் பல கியர் வண்டிகள். கோத்தகிரி–மேட்டுப்பாளையம் ரோட்டில் ஓட்டியவனுக்கு யமகோஷி வளைவுகள் ஒன்றும் இல்லை, பனி விழும்வரை.

படி 5: முதல் இரண்டு வாரம்

விமான நிலையத்தில் தரும் குடியிருப்பு அட்டை எப்போதும் சட்டைப்பையில் இருக்க வேண்டும், குளத்துக்குப் போனாலும். வீடு அமைந்த 14 நாளுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், வங்கிக் கணக்கு, சிம் எல்லாம் அதைத் தொடர்ந்து நடக்கும். காப்பீடு இருந்தால் ஆஸ்பத்திரிச் செலவில் 30 சதவீதம்தான் நம் கையிலிருந்து. ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 119, போலீசுக்கு 110.

குப்பையைப் பற்றி யாரும் எனக்குச் சரியாகச் சொல்லவில்லை. எரிகிற குப்பை ஒரு நாள், பிளாஸ்டிக் ஒரு நாள், பாட்டில் ஒரு நாள் என்று கிழமை கிழமையாகப் பிரித்திருக்கும். முதல் வாரம் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி வைத்தேன். மாலையில் என் பை மட்டும் ஒட்டுச்சீட்டோடு அங்கேயே உட்கார்ந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒன்றும் சொல்லாமல் அதைத் தூக்கிவந்து என் வாசலில் வைத்து, குனிந்து வணங்கிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு கூச்சமாக இருந்திருக்காது. மறுநாளே கிழமை அட்டவணையைச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன்.

படி 6: வருடம் எப்படி ஓடும்

ஏப்ரலில் பனி கரையத் தொடங்கும். காய்ந்த சேற்றுக் குளங்களில் சுண்ணாம்பு தூவி, கோழி எரு போட்டு, தண்ணீர் கட்டுவார்கள். தண்ணீர் பச்சையாகி, அதில் தண்ணீர்ப்பூச்சிகள் பெருகும். அதுதான் குஞ்சுகளின் முதல் தீனி. மே, ஜூனில் இனப்பெருக்கம். ஒரு பெண் மீனோடு இரண்டு மூன்று ஆண் மீன்களை விட்டு, நைலான் இழைக் கொத்துகளைப் போடுவார்கள். விடியும்போது முட்டைகள் அதில் ஒட்டியிருக்கும். நாலைந்து நாளில் பொரிந்துவிடும்.

கோடையில் புல்லும் தீனியும்தான். அங்கேதான் நான் செய்த பெரிய தப்பு. ஆகஸ்டில் ஒரு நாள், விடியற்காலை நாலரை மணி. மேல் குளத்துக்குப் போனேன். மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசி என்று நினைத்து இரண்டு கை தீனி போட்டேன். ஒன்றும் தின்னவில்லை. தீனி அப்படியே மிதந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து வந்த முதலாளி தீனியைப் பார்த்தார், தண்ணீரில் காற்றைக் கலக்கும் துடுப்புச் சக்கரத்தைப் பார்த்தார். இரவில் மின்சாரம் அறுந்து சக்கரம் நின்றிருந்தது. பாசியால் பச்சையான தண்ணீர் பகலில் பிராணவாயு தரும், இரவில் அதுவே அதைத் தின்னும். விடியும் முன்தான் தண்ணீரில் காற்று மிகக் குறைவு. மீன்கள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன. அவர் ஓடிப்போய்ப் பம்பைப் போட்டு, மேல் வாய்க்காலைத் திறந்துவிட்டார். நிசாய்கள் ஏழு செத்தன. என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. அன்று மதியம் ஏழையும் வரிசையாகப் போட்டு ஒவ்வொன்றையும் எனக்குக் காட்டினார். அவ்வளவுதான்.

அதனால்: குளத்துக்குப் போனதும் கையைக் கட்டிக்கொண்டு இரண்டு நிமிடம் நில்லுங்கள். சக்கரம் சுற்றுகிறதா, தண்ணீர் விழும் சத்தம் வருகிறதா, மீன் எங்கே நிற்கிறது. அதன் பிறகு தீனி வாளியைத் தொடலாம்.

ஒரு குளத்து வலையை அடுத்த குளத்தில் முக்காதீர்கள். கால் பூட்சை மருந்துத் தண்ணீரில் நனைக்காமல் கொட்டகைக்குள் போகாதீர்கள். கோய் ஹெர்பெஸ் என்ற வைரஸ் 2003-இல் கசுமிகாவுரா ஏரியில் வளர்ப்புக் கெண்டைகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. வந்தால் பண்ணையையே மூட வேண்டிவரும். இதில் உங்களை யாராவது கத்தினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

அக்டோபரில் அறுவடை, ‘இகெஅகே’. குளத்து நீரை முழங்கால் அளவுக்கு வடித்து, நெஞ்சு வரை வரும் ரப்பர் கால்சட்டையில் இறங்கி, நீள வலையால் மீனை ஒரு மூலைக்கு ஒதுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் சேறு கலங்கி மீனுக்கு மூச்சு முட்டும். மெதுவாக இழுத்தால் வலையின் அடியில் புகுந்து ஓடிவிடும். வட்ட வலை மீனைத் தூக்குவதற்கு அல்ல, தொட்டியை நோக்கி நடத்திப்போவதற்கு. பெரிய மீனைத் துணிக்குழாய் போன்ற வலையில் தண்ணீரோடு சேர்த்துத்தான் தூக்க வேண்டும். கையில் மோதிரம், கடிகாரம் எதுவும் கூடாது. அந்த மாதத்தில் வெளிநாட்டு வியாபாரிகள் வந்து கரையில் நிற்பார்கள். ஆங்கிலம் தெரிந்தவர் என்று உங்களை நடுவில் நிறுத்துவார்கள். விலையைப் பற்றி மட்டும் வாய் திறக்காதீர்கள்.

படி 7: பொறுக்குதல்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘செம்பெட்சு’ என்பார்கள். ஒரு பெரிய பெண் மீன் சில லட்சம் முட்டை இடும். எல்லாவற்றையும் வளர்க்க இடமும் இல்லை, தீனியும் இல்லை. ஷோவாக் குஞ்சுகளைப் பொரிந்த சில நாளிலேயே பொறுக்குவார்கள். கறுப்பாக இருப்பது தங்கும், வெளிர்ந்தது போகும். கோஹாகுவுக்கு ஒன்றரை மாதம்போலப் பொறுப்பார்கள். பிறகு கோடை முழுக்க இரண்டு மூன்று முறை. கடைசியில் நூற்றுக்கு ஒன்று தேறினால் பெரிது.

தலைகீழாகக் கவிழ்த்த பெட்டியின்மேல் உட்கார்ந்து, வெள்ளைக் கிண்ணத்தில் இருபது குஞ்சு அள்ளி, குட்டி வலையால் பிரிக்க வேண்டும். முழு வெள்ளை போகும். முழுச் சிவப்பு போகும். வாய் கோணல், முதுகு வளைவு போகும். என் பக்கத்தில் இருந்த எழுபது வயது அம்மா கிண்ணத்தைப் பார்ப்பதுபோலவே தெரியாது, கை மட்டும் போய்க்கொண்டிருக்கும். நம் ஊர்ப் பெண்கள் பேசிக்கொண்டே இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளுவார்களே, அதே கை. நான் ஒரு கிண்ணம் முடிப்பதற்குள் அவர் எட்டு முடிப்பார்.

போகும் குஞ்சு எங்கே போகும் என்று கேட்பீர்கள். சாகும். முதல் இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உயிரைக் கொல்லாத வீட்டில் பிறந்து, இது முடியாது என்று நினைப்பவர்கள் போகும் முன்பே அதை யோசித்துவிடுங்கள். அங்கே போய் இதற்கு விலக்குக் கேட்க முடியாது. முதல் வருடம் உங்களிடம் விடும் கிண்ணங்களை அந்த அம்மா மறுபடி பார்ப்பார். மனம் நோக வேண்டாம். நான் தூக்கிப்போட்டதிலிருந்து ஒரே ஒரு குஞ்சை அவர் திரும்ப எடுத்து வைத்தார். அடுத்த அக்டோபரில் அது குளத்திலிருந்து வந்தபோது என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். தோளில் ஒரு சிவப்பு, வாலருகே ஒரு சிவப்பு. என்ன பார்த்து எடுத்தீர்கள் என்று கேட்டேன். "தோல்" என்றார்.

படி 8: பனிக்காலம்

நவம்பருக்குள் மீன்கள் எல்லாம் கொட்டகைக்குள் சிமெண்ட் தொட்டிகளுக்கு வந்துவிடும். வடிகட்டி கழுவுவது, கொதிகலனுக்கு மண்ணெண்ணெய் பார்ப்பது, தண்ணீர் சூட்டைக் குறித்துவைப்பது. தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே இருக்கும் தொட்டியில் தீனி கிடையாது. வெளியே பனி. ஊட்டியில் புல்மேல் பூக்கிற உறைபனியை நினைத்துப் போகாதீர்கள். அங்கே கடுமையான வருடத்தில் மூன்று, நாலு மீட்டர் குவியும், ஈரக் கனத்தோடு. சாலை நடுவில் குழாய் பதித்து நிலத்தடி நீரைப் பீய்ச்சிப் பனியைக் கரைப்பார்கள். நாகாவோகாவில் தொடங்கிய ஏற்பாடு அது. துணி ஷூ போட்டால் தொலைந்தீர்கள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ்தான்.

கூரைப் பனியைத் தள்ளத் தனியாக ஏறாதீர்கள். கயிறு, தலைக்கவசம், கீழே ஒரு ஆள். ஒவ்வொரு குளிர்காலமும் இதில் விழுந்தும் புதைந்தும் சாகிறார்கள், அதுவும் அனுபவமுள்ள பெரியவர்கள். முதலாளி சொன்னாலும் கயிறில்லாமல் ஏற மாட்டேன் என்று சொல்லுங்கள். நான் மறுத்த ஒரே வேலை அதுதான்.

நிலநடுக்கமும் உண்டு. 2004 அக்டோபர் 23 மாலை வந்ததில் யமகோஷியின் சரிவுகள் சரிந்து, சாலைகள் அறுந்து, கிராமம் முழுவதையும் ஹெலிகாப்டரில் வெளியேற்றினார்கள். 2009 நவம்பரில் நம் மலை சரிந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயத்தை விளக்க வேண்டியதில்லை. கதவருகே ஒரு பையில் டார்ச், தண்ணீர், பாஸ்போர்ட் நகல் வைத்திருங்கள். கரடியும் உண்டு. விடியற்காலை குளத்துக்குப் போகும்போது இடுப்பில் மணி கட்டுவார்கள். கோத்தகிரிக்காரன் என்றால் அதற்கெல்லாம் பழகியவன் என்று நினைத்தேன், இருந்தாலும் கட்டிக்கொண்டேன்.

வீடு, சோறு, அக்கம்பக்கம்

அரிசி ஒட்டும். குழம்புக்கு ஆகாது, ஆனால் தயிர்சாதத்துக்கு நீகாதா கோஷிஹிகாரியைவிட நல்ல அரிசி நான் பார்த்ததில்லை. சைவமாக இருப்பவர்களுக்குத்தான் கஷ்டம். காய்கறிச் சாற்றிலும் மீன் வடிநீர் கலந்திருக்கும். ‘மீன் வேண்டாம்’ என்று சொன்னால் மீன் துண்டை மட்டும் எடுத்துவிட்டுத் தருவார்கள். பருப்பும் மசாலாவும் இணையத்தில் கிடைக்கும்.

வாசலில் யாரோ முள்ளங்கியும் வெள்ளரியும் வைத்துவிட்டுப் போவார்கள். யார் என்று கண்டுபிடித்து, வாரத்துக்குள் ஏதாவது சிறிதாகத் திருப்பிக் கொடுங்கள். நான் சுண்டல் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை யமகோஷியில் மாட்டுச் சண்டை நடந்தால் கூப்பிடுவார்கள். போங்கள். இரண்டு மாடும் சூடு பிடித்ததும் ஆட்கள் பின்னங்காலில் கயிறு போட்டுப் பிரித்துவிடுவார்கள், யாருக்கும் வெற்றி இல்லை. ஜல்லிக்கட்டு பார்த்த என் நண்பனுக்கு வீடியோ அனுப்பினேன். "அப்புறம் எதுக்குடா சண்டை?" என்று கேட்டான்.

அங்கே மணி நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். வேலை முடிந்து நீங்கள் போன் செய்யும்போது அம்மா இன்னும் கொழுந்து எடையில் நிற்பார். அங்கே இரவு ஒன்பது ஆனதும் கூப்பிடுங்கள்.

திரும்பும்போது

நகராட்சியில் வெளியேறும் அறிவிப்புக் கொடுங்கள். ஓய்வூதியத்துக்குக் கட்டிய பணத்தில் ஒரு பகுதியை, ஊர் வந்த இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் மொத்தமாகத் திரும்ப வாங்கலாம். அதற்கான ஓய்வூதிய எண்ணையும் வங்கி விவரத்தையும் கிளம்பும் முன்பே நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டியின் பேத்தி எனக்காக மூன்று முறை அலுவலகத்துக்கு அலைந்தாள்.

மீனைக் கொண்டுவரலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். உயிர் மீன் இறக்குமதிக்கு மத்திய அரசின் அனுமதியும் தனிமைக் காப்பும் வேண்டும். பையில் போட்டு எடுத்துவரும் வேலை அல்ல. நான் கொண்டுவந்தது ஒரு வெள்ளைக் கிண்ணம். இப்போது அதில்தான் அம்மா தோசைக்கு உளுந்து ஊறவைக்கிறார்.